இரவுக் கால் குடைச்சலுக்கு வீட்டில் சிவப்பொளி: விளக்கு வாங்கும் முன்பிருந்து நான்காம் வாரம் வரை

படுத்தால் கால் நமநமவென்று குடைகிறது. எழுந்து நடந்தால் விடுகிறது, மறுபடி படுத்தால் பிடித்துக்கொள்கிறது. மதுரைப் பக்கம் இதைக் கால் குடைச்சல், கால் உளைச்சல் என்று சொல்லி, பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காலை மிதிக்கச் சொல்வார்கள். மருத்துவர்கள் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்பார்கள். இதற்காகச் சிவப்பொளி விளக்கு வாங்குகிறவர்கள் பலர் தடுக்கி விழுவது வரிசையில்தான். முதலில் விளக்கை வாங்கிவிடுகிறார்கள், இரண்டு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனைக்குப் போகிறார்கள். கீழே உள்ள வரிசையில் முதல் மூன்று படிகளுக்கு விளக்கே வேண்டாம். சிலருக்கு மூன்றாம் படியிலேயே வேலை முடிந்துவிடும்.

1. குடைச்சல்தானா என்று முதலில் பிரியுங்கள்

ஐந்து கேள்விகள். காலை அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதல் இருக்கிறதா? உட்கார்ந்தாலோ படுத்தாலோ தொடங்குகிறதா, கூடுகிறதா? நடந்தால், காலை நீட்டி மடக்கினால், அந்த நேரத்துக்காவது குறைகிறதா? பகலைவிட மாலையும் இரவும் மோசமா? வேறு நோயால் வருவது இல்லை என்று சொல்ல முடிகிறதா? ஐந்துக்கும் ஆம் என்றால்தான் இது அந்தக் குடைச்சல்.

இதோடு குழப்பிக்கொள்வது மூன்று. குரக்களி பிடிப்பது வேறு: கெண்டைச்சதை கல்லாக இறுகும், உயிர் போகிற வலி, சில நிமிடத்தில் விட்டுவிடும். சர்க்கரை நோயில் பாதம் எரிவதும் மரத்துப்போவதும் வேறு: நடந்தாலும் போகாது. நரம்பு சுருட்டல் நேர் எதிர்த் திசை: நின்றால் கூடும், காலைத் தூக்கி வைத்துப் படுத்தால் குறையும். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குக் குடைச்சலும் சுருட்டலும் சேர்ந்தே இருக்கலாம். அப்போது எது எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, சூடாக, அழுத்தினால் வலித்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தம் உறைந்து ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். அந்தக் காலுக்கு விளக்கும் வேண்டாம், மிதிப்பதும் வேண்டாம்.

2. ஃபெரிட்டின் பாருங்கள், ஹீமோகுளோபினோடு நிறுத்தாதீர்கள்

இந்தக் குடைச்சலில் மூளைக்குள் இரும்புச்சத்து குறைவதற்குப் பெரிய பங்கு உண்டு. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 13 இருந்தும் சேமிப்பில் இரும்பு வற்றிப் போயிருக்கலாம். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அதோடு டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷனும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்ற கணக்கு) சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

அதிகம் பேர் ஏமாறும் இடம் இது. ஆய்வகத் தாளில் ஃபெரிட்டின் 22 என்றிருந்தாலும் பக்கத்தில் இயல்பு என்று அச்சாகி வரலாம், ஏனென்றால் அவர்களுடைய கீழ் எல்லை அதற்கும் கீழே இருக்கும். குடைச்சல் உள்ள பெரியவர்களுக்கு மருத்துவர்கள் பார்க்கும் எல்லை வேறு. ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 75 நானோகிராமுக்குக் கீழே போனாலோ, சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே போனாலோ இரும்பு கொடுப்பதைப் பற்றி யோசிப்பார்கள். அதனால் தாளில் உள்ள எண்ணைக் காட்டுங்கள், பக்கத்தில் அச்சான வார்த்தையை நம்பித் திரும்பி வந்துவிடாதீர்கள்.

பரிசோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றில் போங்கள். இரும்பு மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால், எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல், சளி, புண் இருக்கும் வாரத்தில் எடுக்காதீர்கள். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். அதே ரத்தத்தில் சர்க்கரை, கிரியாட்டினின், தைராய்டு, பி12 ஆகியவற்றையும் பார்த்துவிடலாம். சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் குடைச்சல் அதிகம் வரும். மதுரையில் பெரியாஸ்பத்திரி என்று ஊர் சொல்லும் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. தனியாரில் பார்ப்பவர்கள் பொது மருத்துவரிடமே தொடங்கலாம்.

மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினால் டீ, காபி, பாலோடு போடாதீர்கள். எலுமிச்சைச் சாறோடு, அவர் சொன்ன இடைவெளியில் போடுங்கள். சேமிப்பு நிரம்ப மாதக்கணக்கு ஆகும். சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்), ஈரல் இரண்டிலும் இரும்பு நிறைய உண்டு. கறி சாப்பிடும் வீட்டில் இதை வாரம் ஒரு வேளை சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் 15-இல் நிற்கும் ஃபெரிட்டினைச் சாப்பாடு மட்டும் தூக்கிவிடாது. பரிசோதனை இல்லாமல் கடையில் இரும்பு மாத்திரை வாங்கிப் போடுவதும் ஆபத்து, உடம்பில் இரும்பு தேங்கும் நோய் சிலருக்கு உண்டு.

3. மாத்திரைப் பையையும் டம்ளரையும் பாருங்கள்

வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். குடைச்சலைக் கிளப்பிவிடும் மருந்துகள் சில சாதாரணமாகப் புழங்குகின்றன: சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள் (குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின்), வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மனச்சோர்வு மருந்துகளில் பல, மனநல மருந்துகளில் சில. வேடிக்கை என்னவென்றால், கால் எரிச்சலுக்கு நரம்பு மாத்திரை என்று கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் இந்தப் பட்டியலில் வரும். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென்று விட்டால் குடைச்சலைவிடப் பெரிய தொல்லை வரும். மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம். ராத்திரி குடிப்பழக்கம் இருந்தால் அதுவும் குடைச்சலைக் கூட்டும்.

4. யார் விளக்கு பக்கமே போகக் கூடாது

பாதம் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சூடு தெரியாத காலில் கொப்புளம் வந்தால் மறுநாள் காலையில்தான் தெரியும். கர்ப்பிணிகள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள், காலில் புற்றுநோய் இருந்தவர்கள், வெயில் பட்டால் தோல் தடிக்கும் லூபஸ் போன்ற நோய் உள்ளவர்கள், டாக்ஸிசைக்ளின் மாதிரி ஒளி ஒவ்வாமை உண்டாக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர்கள் இருக்கும் வீட்டில், விளக்குப் பேனலில் விட்டுவிட்டு மின்னித் துடிக்கும் முறை இருந்தால் அதை எப்போதும் அணைத்தே வையுங்கள்.

5. விளக்கைத் தேர்ந்தெடுப்பது

சிவப்பாக எரிவதெல்லாம் ஒன்று என்று நினைப்பதுதான் முதல் இடறல். பிசியோதெரபி கடைகளில் கிடைக்கும் 150 வாட் சிவப்பு பல்பு ஒரு சூடேற்றி. கொஞ்சம் கிட்டே வைத்தால் சுடும், தினமும் காட்டினால் தோலில் வலைபோல் கறுப்புத் தடம் விழும். நாம் தேடுவது எல்இடி. அதன் பெட்டியில் அலைநீளம் எழுதியிருக்க வேண்டும்: சிவப்பு 630 முதல் 660 நானோமீட்டர், அகச்சிவப்பு 810 முதல் 850. அலைநீளம் எழுதாத பொருளை வாங்காதீர்கள்.

எதிர்பார்ப்பையும் இங்கேயே சரி செய்துகொள்வது நல்லது. குடைச்சலுக்கு ஒளி வைத்துப் பார்த்த ஆய்வுகளில் 2011-இல் வெளிவந்த ஒன்று முக்கியமானது. அதில் 34 பேர் இருந்தார்கள். 890 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியை ஒரு அமர்வுக்கு 30 நிமிடம் என்று நான்கு வாரத்தில் 12 அமர்வுகள் கொடுத்தார்கள். ஒளி பட்டவர்களுக்குக் குடைச்சல் குறைந்தது. நல்ல செய்தி, ஆனால் சின்ன ஆய்வு. அதில் வைத்தது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, வெறும் சிவப்பு இல்லை. ஆகவே 660 மட்டும் உள்ள பேனலைவிட, 850-உம் சேர்ந்து, இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் உள்ளதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது.

பேனலா, காலில் சுற்றும் பட்டையா? பட்டை படுத்துக்கொண்டே கட்டலாம், இடம் அடைக்காது. ஆனால் தோலை ஒட்டியே இருப்பதால் சூடு தேங்கும், கட்டிக்கொண்டு தூங்கிப்போகிறவர்களும் உண்டு. பேனல் இரண்டு காலுக்கும் ஒரே சமயத்தில் ஒளி காட்டும், கால் அசையவும் விடும். குடைகிற காலுக்கு அந்த அசைவுதான் முக்கியம். எனவே பேனலுக்கே என் ஓட்டு. முழங்காலிலிருந்து கணுக்கால் வரை ஒரே தடவையில் விழ, சுமார் ஒன்றரை அடி உயரம் போதும்.

பெட்டியில் 300 வாட் என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பல பேனல்கள் சுவரிலிருந்து இழுப்பது அதைவிட ரொம்பக் குறைவு. மதுரை டவுன்ஹால் ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மின் அளவி கேட்டுப் பாருங்கள், பிளக்கில் மாட்டினால் உண்மை தெரியும். பேனல் 60 வாட் இழுத்தால் அரை மணி நேரத்துக்கு 0.03 யூனிட். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் வசதி எத்தனை நாள் என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

6. வீட்டுக்கு வந்ததும் சோதியுங்கள்

660-ஐ மட்டும் போடுங்கள்: பளிச்சென்று சிவக்கும். 850-ஐ மட்டும் போடுங்கள்: மங்கலாகத் தணல் மாதிரி தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. பாதி விளக்கு எரியவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன்னால், செல்போனின் முன்பக்கக் கேமரா வழியாகப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் ஊதா கலந்த வெள்ளையாகத் தெரியும். டிவி ரிமோட்டையும் இப்படியே சோதிக்கலாம்.

மூன்று முள் பிளக்கை வெட்டி இரண்டு முள் ஆக்காதீர்கள். பேனலின் உடம்பு அலுமினியம், எர்த் அவசியம். குளித்த ஈரக் காலோடு கிட்டே போக வேண்டாம். மின் அழுத்தம் ஏறி இறங்கும் கிராமங்களில் சர்ஜ் தாங்கும் எக்ஸ்டென்ஷன் போர்டு வையுங்கள். பேனலின் முதுகில் காற்றாடி இருந்தால் சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடம் விடுங்கள். சித்திரை, வைகாசி வெக்கையில் இந்த இடைவெளி இல்லாவிட்டால் பேனல் தானே அணைந்துவிடும்.

7. நிமிடக் கணக்கு

குடைச்சலுக்கு இவ்வளவு ஒளிதான் என்று முடிவான அளவு எதுவும் கிடையாது. அதனால் குறைவில் தொடங்கி ஏற்றுவதுதான் முறை. கணக்கு எளிது: ஒரு சதுர சென்டிமீட்டரில் விழும் மில்லிவாட்டை விநாடியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் ஜூல் கிடைக்கும். 25 மில்லிவாட், 600 விநாடி என்றால் 15 ஜூல்.

விற்பவர்கள் சொல்லும் மில்லிவாட் பெரும்பாலும் சூரிய ஒளி அளக்கும் கருவியை பேனலுக்கு முன்னால் பிடித்து எடுத்தது. அது எல்இடிக்கு முன்னால் கூடுதலாகக் காட்டும். பாதியென்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எந்தத் தூரத்தில் அளந்தார்கள் என்பதையும் பாருங்கள், தோலை ஒட்டி அளந்த எண்ணை ஒரு சாண் தூரத்துக்கு வைக்க முடியாது.

முதல் வாரம் கெண்டைக்காலுக்கு 5 நிமிடம், முன்காலுக்கு 5 நிமிடம். தோல் சிவக்காமல், எரியாமல் இருந்தால் இரண்டாம் வாரத்திலிருந்து பத்துப் பத்து நிமிடம். தூரம் 15 சென்டிமீட்டர், கையை விரித்தால் வரும் சாணில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. கறுத்த தோல் அதிக ஒளியை உறிஞ்சிச் சீக்கிரம் சூடேறும். வெள்ளைத் தோலுக்கு எழுதிய வெளிநாட்டு அட்டவணையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாரத்துக்கு மூன்று நாள்: திங்கள், புதன், வெள்ளி. பத்து நிமிடம் நல்லது என்றால் ஒரு மணி நேரம் ஆறு மடங்கு நல்லது என்று தினமும் காட்டுகிறவர்கள் உண்டு. ஒளி அளவு மிஞ்சினால் பலன் கூடாது, குறையவும் செய்யும்.

8. நேரம்: குடைச்சலுக்கு முன்னால்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். குடைச்சல் தொடங்கியபிறகு விளக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்தால், அந்த உட்காரலே குடைச்சலைக் கூட்டும். இருபது நிமிடம் பல்லைக் கடித்து உட்கார்ந்துவிட்டு, விளக்கு பலன் தரவில்லை என்று தூக்கி வைத்துவிடுவார்கள்.

வழக்கமாக 10 மணிக்குத் தொடங்குகிறது என்றால் 8:30 முதல் 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொண்டால் மறக்காது. அமர்வு நடக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கலாம், ஒளிக்கு அதனால் கேடு இல்லை. நின்றுகொண்டு துணி மடிக்கலாம். காய் நறுக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள், கூசும் வெளிச்சத்தில் கத்தி வேண்டாம்.

9. அமர்வு, வரிசைப்படி

கால்களை வெறும் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். தைலம், வலி களிம்பு எதுவும் தடவியிருக்கக் கூடாது. கற்பூரமும் மெந்தாலும் சூட்டோடு சேர்ந்தால் தோல் எரியும். எண்ணெய் தேய்ப்பதை விளக்குக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கொலுசையும் மெட்டியையும் கழற்றுங்கள். வெள்ளி ஒளியைத் திருப்பி அடிக்கும், கிட்டே இருந்தால் சூடும் ஏறும். கைலியையோ சேலையையோ முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொள்ளுங்கள். துணிக்கு மேல் காட்டினால் பாதி துணிக்கே போய்விடும்.

ஸ்டூலில் உட்கார்ந்து, பேனலைத் தரையில் நிமிர்த்தி வைத்து, முதலில் கெண்டைக்கால், பிறகு திரும்பி உட்கார்ந்து முன்கால். தரையில் வைத்த பேனல், பாயில் படுத்திருக்கும் குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். 850 கண்ணுக்குத் தெரியாததால் கண் சுருங்காது, இமைக்கத் தோன்றாது. குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள், அப்பத்தாவுக்குப் போடுகிறீர்கள் என்றால் அவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுங்கள்.

போன் டைமரை வைத்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுங்கள். வெதுவெதுப்பு சரி, சுரீர் என்றால் தூரத்தை நகர்த்துங்கள். பாதி ஜாமத்தில் எழுந்து விளக்கைப் போடும் பழக்கம் வேண்டாம். சிவப்பாக இருந்தாலும் அத்தனை வெளிச்சம் முகத்தில் அடித்தால் தூக்கம் கலையும். நள்ளிரவில் குடைந்தால் எழுந்து வீட்டுக்குள்ளேயே நடங்கள், கெண்டையை நீட்டுங்கள்.

10. நோட்டு எழுதாமல் தொடங்காதீர்கள்

குடைச்சல் தானாகவே சில வாரம் ஏறும், சில வாரம் இறங்கும். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தாலே கணிசமானவர்களுக்குக் குறைந்ததாகத் தோன்றும் நோய்களில் இதுவும் ஒன்று. ஆகவே மனசு சொல்வதை நம்பக் கூடாது.

விளக்குக்கு முந்தைய ஒரு வாரம் முழுக்க, தினமும் காலையில் நான்கு விஷயம் எழுதுங்கள்: குடைச்சல் எத்தனை மணிக்குத் தொடங்கியது, பத்துக்கு எத்தனை, எத்தனை தடவை எழுந்தீர்கள், முந்தைய நாள் மாலை காபியோ சளி மாத்திரையோ உண்டா. பிறகு நான்கு வாரமும் அதே நான்கு. மருத்துவர்கள் இதற்கென்று பத்துக் கேள்வி கொண்ட மதிப்பீடு வைத்திருக்கிறார்கள். 0 முதல் 40 வரை போகும், 11 முதல் 20 நடுத்தரம், 21 முதல் 30 கடுமை. தொடக்கத்திலும் நான்காம் வார முடிவிலும் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம்.

இந்த ஐந்து வாரத்துக்குள் வேறு புது விஷயம் எதையும் சேர்க்காதீர்கள். புது எண்ணெய், புது லேகியம், புது யோகா எல்லாம் ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. இரும்பு மாத்திரை மருத்துவர் சொன்னபடி ஓடட்டும், ஆனால் அது தொடங்கிய தேதியை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். குறைந்தால் பெருமை விளக்குக்கா இரும்புக்கா என்ற கேள்வி பிறகு வரும்.

சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறும் நாளை நோட்டில் தனியாகக் குறியுங்கள். எட்டு மணி நேரம் மடங்கி உட்கார்ந்த காலின் கணக்கை விளக்கின் தலையில் கட்டக் கூடாது.

11. நான்கு வாரம் முடிந்ததும்

விளக்குக்கு முந்தைய வாரச் சராசரியையும் கடைசி வாரச் சராசரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்துக்கு 7 இருந்தது 6 ஆனால் அதை வெற்றி என்று எடுக்க வேண்டாம். 4-க்கு வந்து, எழுந்த தடவையும் குறைந்திருந்தால் விளக்கை ஒரு வாரம் நிறுத்துங்கள். உடனே ஏறவில்லை என்று விளக்கைக் குறை சொல்லவும் வேண்டாம், மேலே சொன்ன ஆய்வில் நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் பலன் நின்றது. மெல்ல ஏறி, மறுபடி போட்டதும் இறங்கினால் வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் மாறவில்லை என்றால் நிமிடத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டாமல் இருந்தால் திருப்பிவிடுங்கள். நோட்டை எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். கபாபென்டின், பிரிகாபலின் வகை மருந்துகள் இதற்கு நன்றாக வேலை செய்யும். குடைச்சலுக்கே கொடுக்கும் பிரமிபெக்ஸோல், ரோபினிரோல் மருந்துகளை ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள், குடைச்சல் இப்போதெல்லாம் மாலை ஆறு மணிக்கே தொடங்குகிறது, கைக்கும் ஏறுகிறது என்று கண்டால், விளக்கு தேடாமல் அந்த மருந்தைப் பற்றியே மருத்துவரிடம் பேச வேண்டும். அந்த வகை மருந்துகளே நாளடைவில் குடைச்சலை முன்கூட்டி இழுத்துவரும். ஆனால் அவற்றையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைப்பார்கள்.